இல்லாத புத்தகத்தை வாங்கிய கோப்பு

எழுத்துமூலம் கிடைக்கும் எந்தக் கடிதத்துக்கும் பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்பப்பட வேண்டும். முழுப் பதில் அனுப்ப முடியாவிட்டால் இடைக்காலப் பதில் ஒன்றை அனுப்பி, முழுப் பதில் எப்போது கிடைக்கும் என்பதையும் அதிலே குறிப்பிட வேண்டும்.

எங்கள் திணைக்களத்தின் அலுவலக நடைமுறைக் கோவையில், கடிதங்கள் பற்றிய பகுதியின் முதற் பந்தி இது. இதை நான் பார்க்காமல் எழுதுவேன். முப்பத்தொரு வருடம் பதுளையில் வேலை செய்தேன். அதில் கடைசி ஒன்பது வருடம் நிர்வாக உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது இரண்டு வருடத்தில் இடமாற்றம் தருவதாகச் சொன்னார்கள். அதை நினைவூட்டி நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆகவே இந்தப் பந்தியின் அருமை எனக்குத் தெரியும்.

புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். “உங்கள் சுய முன்னேற்றத்துக்கும் தொழில் வளர்ச்சிக்கும் உதவிய ஐந்து புத்தகங்களைப் பற்றி எழுதித் தாருங்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் ஐந்து இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை. அதற்குப் பெயர் வைத்தவன் நான். அரசாங்கம் அதை இருநூறு பிரதி வாங்கியது. எப்படி என்று சொல்கிறேன்.

1. கடிதம்

ஜூன் மாதம் மூன்றாம் திகதி ஒரு கடிதம் வந்தது. பயிற்சிக் கொப்பித் தாளில் நீல மையில் எழுதியிருந்தது. கொஸ்லந்தைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து புஷ்பராணி என்ற பெண் எழுதியிருந்தாள். அந்தத் தோட்டத்தில் எங்கள் திணைக்களம் கட்டிய வாசிகசாலை ஒன்று உண்டு. கடிதத்தை அப்படியே தருகிறேன்.

“மதிப்புக்குரிய ஐயா, நாங்க ஆறு பேர் சேர்ந்து வெரளிக்காய்ல ஊறுகாய் மாதிரி அச்சாறு போடுறோம். எல்ல டவுன்ல ஒரு டூரிஸ்ட் ஹோட்டல்ல வாங்குறேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா போத்தல்ல முறைப்படி லேபல் இருக்கணும், பதிவு இருக்கணும்னு சொல்றாங்க. லேபல்ல என்னென்ன எழுதணும், எங்க பதியணும்னு தமிழ்ல எழுதின புத்தகம் ஒண்ணு இருந்தா வாசிகசாலைக்கு அனுப்பி வைக்கவும்.”

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். அப்படியொரு தமிழ்ப் புத்தகம் எங்கள் திணைக்களத்தில் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருக்க வேண்டியது முழுவதும் எனக்குத் தெரியும். முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கடிதம் வாங்க வேண்டும். அடுத்தது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு. அதன்பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். லேபலில் எழுத வேண்டியவற்றைச் சொல்லும் ஒற்றைத் தாள் சுகாதாரக் கந்தோரில் கிடைக்கும். அந்தக் கந்தோர் எங்கள் கந்தோரிலிருந்து வீதியைக் கடந்தால் வரும்.

இதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது புத்தகம். புத்தகக் கோரிக்கை என்றால் அதற்குரிய கோப்பு வேறு. மேலும், லேபல் எங்கள் திணைக்களத்தின் விடயம் அல்ல. வேறொரு திணைக்களத்தின் விடயம் பற்றி நாங்கள் ஆலோசனை சொல்லக் கூடாது. திகதி முத்திரை குத்தி, கடிதத்தைக் கோப்பில் சேர்த்தேன். செய்தது முழுவதும் முறைப்படிதான். இதை இரண்டாம் தடவை வாசிக்கும்போது உங்களுக்கு என்மீது எரிச்சல் வரும். எனக்கும் வந்தது, ஆனால் பிந்தி.

2. படிவம்

அந்த மாதம்தான் எங்கள் புதிய பணிப்பாளர் வெளிநாட்டில் இரண்டு வாரப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். கொழும்பில் வளர்ந்தவர், நல்ல மனிதர். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடும், யாரைப் பார்த்தாலும் கையை இறுக்கிக் குலுக்கும் பழக்கத்தோடும் வந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வாசகம் ஒட்டினார். மேலே போகும்போது வாசித்தால் வெற்றி என்றிருக்கும். கீழே இறங்கும்போது வாசகங்கள் கண்ணில் படாது. கீழே இறங்குகிறவர்களைப் பற்றி அந்தப் புத்தகங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“மிஸ்டர், நம்ம ஒஃபிஸ்ல எத்தன பேர் புக் வாசிக்கிறாங்க?”

“கோப்பு வாசிக்கிறவை நாற்பத்தொரு பேர் இருக்கினம் சேர்.”

“அது இல்ல. வளர்றதுக்கு வாசிக்கிற புக். எல்லாரும் அவங்கவங்களுக்குப் புடிச்ச அஞ்சு புக் எழுதித் தரணும். அதுல கூட ஆளுங்க சொன்ன புக்க நாங்க தோட்ட வாசிகசாலைக்கெல்லாம் குடுப்போம். தோட்டத்து ஆளுங்களோட மைண்ட்செட் மாறணும்.”

“வாசிகசாலைகளிலயிருந்து வந்த கோரிக்கைகள் கோப்பில இருக்குது சேர். கொஸ்லந்தைப் பக்கத்திலயிருந்து ஒரு பிள்ளை...”

“எல்லாத்தையும் இந்தத் திட்டத்துல சேத்திடுங்க.”

சேர்த்தேன். புஷ்பராணியின் கடிதம் ‘வளர்ச்சி வாசிப்பு’ என்ற புதிய கோப்பின் முதற் தாளாயிற்று.

படிவம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. படிவம் என்றால் அதில் நிரப்பிக் காட்டிய மாதிரி வரி ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. மாதிரி வரி இல்லாத படிவத்தைக் கொடுத்தால் பிறந்த திகதி நிரலில் சாதகத்தை எழுதிவிடுவார்கள். ஆகவே முதல் வரியை நானே நிரப்பினேன். உண்மையான புத்தகம் ஒன்றின் பெயரை எழுதினால் திணைக்களம் அதற்கு விளம்பரம் செய்ததாகிவிடும். அதனால் ஒரு பெயரைக் கற்பனை செய்தேன்.

நூலின் பெயர்: நாளை நீயும் துரை. ஆசிரியர்: நல்லதம்பி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலிருந்த பிரதான எழுதுவினைஞர். அரசாங்க வர்த்தமானியைத் தவிர எதையும் வாசிக்காதவர். அடைந்த பயன் என்ற நிரலில், “இந்நூலை வாசித்ததிலிருந்து கடிதங்களுக்கு உடனுக்குடன் பதில் எழுதுகிறேன்” என்று போட்டேன். பக்கத்தில் அடைப்புக்குள் ‘மாதிரி’ என்றும் எழுதியிருந்தேன். தட்டச்சு செய்யும்போது நிரலில் இடம் போதாமல் அந்தச் சொல் விடுபட்டுவிட்டது. அதை நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.

இரண்டு வாரத்தில் எல்லாப் படிவங்களும் வந்து சேர்ந்தன. எங்கள் திணைக்களத்தில் எதுவும் அவ்வளவு விரைவாக வந்ததில்லை. தொகுத்துக் கொடுக்கும் பொறுப்பு முகாமைத்துவ உத்தியோகத்தர் ஜெயந்தியிடம் இருந்தது. பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த பெண். வேலையில் கெட்டிக்காரி, வாயும் அப்படித்தான்.

“ஐயா, முப்பத்துநாலு பேரு ஒரே புத்தகத்த முதலாவதா போட்டிருக்காங்க.”

“எது?”

“நாளை நீயும் துரை. முப்பத்துநாலு பேரும் கடுதாசிக்கு ஒடனே பதில் எழுதுறாங்களாம். மேசையில பாத்தா அப்படித் தெரியலீங்க.”

“பிள்ளை, அப்படியொரு புத்தகம் இல்லை. அது நான் எழுதின மாதிரி வரி.”

ஜெயந்தி படிவக் கட்டைத் தட்டி அடுக்கினாள். பிறகு மெதுவாக, “அப்ப என்னோடதையும் சேத்து முப்பத்தஞ்சுங்க. எல்லாரும் வாசிச்சிருக்காங்களே, நாம மட்டும் வாசிக்கலன்னா நல்லா இருக்காதேன்னு நானும் போட்டுட்டேன்” என்றாள்.

படிவங்களைப் புரட்டினேன். கணக்குப் பிரிவு உத்தியோகத்தர் ஒருவர் மூன்று தடவை வாசித்திருந்தார். சாரதி அதைச் சிங்கள மொழிபெயர்ப்பில் வாசித்திருந்தார். களஞ்சியப் பொறுப்பாளர், முதற் பாகத்தைவிட இரண்டாம் பாகம் சிறந்தது என்று கருதினார்.

உடனே பணிப்பாளரிடம் போனேன். “சேர், இந்தப் புத்தகம் சம்பந்தமா ஒரு விளக்கம்” என்று ஆரம்பித்தேன். அவர் தொகுப்பைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“பாத்தீங்களா மிஸ்டர்! நான் இத இங்லீஷ்ல வாசிச்சேன். ட்ரெயினிங்ல எல்லாரும் இதப் பத்தித்தான் பேசினாங்க. தமிழ்ல வந்திருக்குன்னு தெரியாது. மொழிபெயர்ப்பு எப்படி, பரவாயில்லையா?”

மேலதிகாரி வாசித்த புத்தகத்தை இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்கு நடைமுறைக் கோவையில் இடமில்லை. எழுத்தில் சொல்லலாம். கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன்: “மேற்படி நூலின் பெயர் படிவத்தை நிரப்பும் முறையைக் காட்டுவதற்காக மாத்திரம் தரப்பட்டது. அவ்வாறான நூல் ஒன்று வெளிவந்ததாகத் தெரியவில்லை. தங்கள் கட்டளைக்காக.”

நான்கு நாளில் கோப்பு திரும்பி வந்தது. என் குறிப்பின் கீழே பச்சை மையில், “பார்த்தேன். தொடரவும்.”

தொடர்ந்தேன்.

3. விலைமனு

மூன்று புத்தகக் கடைகளிடம் விலைமனுக் கேட்டோம். இல்லாத புத்தகத்துக்கு ஒருவரும் விலைமனுத் தரமாட்டார்கள், கோப்பு தானாகவே படுத்துவிடும் என்று நம்பியிருந்தேன். மூன்று பேரும் தந்தார்கள். ஒருவர் ‘கைவசம் உண்டு’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘மீள்பதிப்பு வருகிறது, ஆறு வாரம்’ என்றார். குறைந்த விலை பதுளை பஸார் வீதியில் கடை வைத்திருந்த ஹாஜியாருடையது. அவர் ஒருவர்தான் கொள்வனவுக் கட்டளை கிடைத்த மறுநாள் நேரில் வந்தார். கதிரையில் உட்கார்ந்து, கதவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“சேர், கொழும்புக்குக் கேட்டேன். மெட்ராஸுக்கும் கேட்டேன். இந்தப் புத்தகம் துன்யாவுலயே இல்ல.”

“எனக்குத் தெரியும் ஹாஜியார்.”

“தெரியுமா? பின்ன ஏன் சேர் கேட்டீங்க?”

“கோப்பில இருக்குது. நீங்கள் ஏன் விலை குடுத்தனீங்கள்?”

“கந்தோர் கேட்டு இல்லண்டு சொன்னா, அடுத்த வருஷம் லிஸ்ட்ல என்ட பேரு இரிக்காதே சேர். மத்த ரெண்டு பேரும் அதுக்குத்தான் குடுத்திருப்பாங்க.”

அவர் கட்டளைக் கடிதத்தை எடுத்து விரித்தார். அதில் பொருளின் விவரக் குறிப்பு இருந்தது, நான் எழுதியது. அரைத்தாள் அளவு, தொண்ணூற்றாறு பக்கம், தடித்த அட்டை, நூல் கட்டு.

“உள்ளுக்கு என்ன இரிக்கணும்டு எழுதலயே சேர்.”

“அதுக்கு விவரக் குறிப்பில நிரல் இல்லை.”

ஹாஜியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அட்டை என்ன நெறம் வேணும்?” என்றார்.

பச்சை என்றேன்.

4. பெண்

செப்டெம்பரில் புஷ்பராணி நேரில் வந்தாள். கொஸ்லந்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, விடியற்காலையில் புறப்பட்டு, பத்தரைக்கு என் மேசை முன்னால் நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு போத்தல் அச்சாறு. கதிரையைக் காட்டினேன். நுனியில் உட்கார்ந்தாள்.

“ஐயா, ஜூன்ல ஒரு கடுதாசி போட்டேனுங்க. வாசிகசாலைக்குப் புத்தகம் கேட்டு.”

“இருக்குது பிள்ளை. கோப்பில முதலாவது கடிதமே உங்கடதுதான்.”

“அது சந்தோசங்க. எங்களுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு.” மடித்த தாளை எடுத்து விரித்தாள். நான் கையெழுத்திட்ட இடைக்காலப் பதில். பதினான்காம் நாள் முறையாக அனுப்பியது. “உங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. முழுப் பதில் விரைவில்” என்றிருந்தது.

“பதில் வந்திருக்குதுதானே?” என்றேன்.

“வந்துச்சுங்க. இதப் போத்தல்ல ஒட்ட முடியுமாங்க?”

பக்கத்து மேசையில் ஜெயந்தி தலை குனிந்துகொண்டாள்.

பிறகு புஷ்பராணி விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் கொழுந்து பறித்த மலையைத் தோட்டம் கைவிட்டுவிட்டது. தேயிலை ஆள் உயரத்துக்குக் காடாகிக் கிடக்கிறது. ஆறு பேருக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. எல்ல ஹோட்டல்காரர் அச்சாற்றை ருசி பார்த்துவிட்டு, டிசம்பர் முதலாம் திகதி சீசன் தொடங்கும்போது முறையான லேபலோடு கொண்டுவந்தால் ஒவ்வொரு வாரமும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் கொழும்புக் கம்பெனி ஒன்றிடம் எடுத்துக்கொள்வார்.

“டிசம்பரத் தாண்டிருச்சுன்னா அவ்வளவுதாங்க. ரெண்டு பேரு ஏஜென்சிக்குப் பாஸ்போர்ட் குடுத்துட்டாளுங்க, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போறதுக்கு. ஒருத்திக்கு ஒன்றர வயசுப் புள்ள. லேபல் கெடச்சா நிப்பாளுங்க. அதாங்க ஓடி வந்தேன்.”

வீதிக்கு அந்தப் பக்கம் சுகாதாரக் கந்தோர் என் யன்னலில் தெரிந்தது. “அங்கே போ பிள்ளை, ஒற்றைத் தாள் ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்கு” என்று சொல்ல வாய் திறந்தேன். நடைமுறைக் கோவை என் மேசையில் இருந்தது. வேறு திணைக்களத்தின் விடயம். நான் ஏதாவது சொல்லி, அது பிழைத்து, ‘பெரிய கந்தோரில்தான் சொன்னார்கள்’ என்று கடிதம் வந்தால்? ஓய்வுபெற ஒன்றேகால் வருடம் இருந்தது.

“திட்டத்தின் கீழே புத்தகம் வருகுது. உங்கட வாசிகசாலைக்குத்தான் முதலில” என்றேன்.

“லேபலப் பத்தி அதுல இருக்குங்களா?”

“தொழில் வளர்ச்சி பற்றினது.”

அவள் இடைக்காலப் பதிலை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்து கும்பிட்டாள். அச்சாற்றுப் போத்தலை மேசையில் வைத்தாள். பரிசுப்பொருள் வாங்கக் கூடாது என்று திருப்பிக் கொடுத்தேன். அதுவும் முறைப்படிதான்.

5. விழா

அக்டோபர் கடைசியில் இருநூறு புத்தகங்கள் வந்தன. பச்சை அட்டையில் பொன் எழுத்தில் ‘நாளை நீயும் துரை – நல்லதம்பி’. அரைத்தாள் அளவு, தொண்ணூற்றாறு பக்கம், நூல் கட்டு. விவரக் குறிப்பிலிருந்து ஓர் அங்குலம்கூட விலகவில்லை. முதல் நான்கு பக்கத்தில் ஹாஜியார் தானே எழுதி அச்சடித்த புத்திமதிகள் இருந்தன. அதிகாலை எழும்ப வேண்டும், வந்தவரை நிற்க வைக்கக் கூடாது, இல்லாததை இருக்கிறது என்று சொல்லக் கூடாது. கடைசி வாக்கியத்தை அவர் என்ன மனநிலையில் எழுதினாரோ தெரியாது. மிகுதித் தொண்ணூற்றிரண்டு பக்கமும் கோடு போட்ட வெறும் தாள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் மூன்று கேள்விகள்: யாரிடம் போனேன்? என்ன கேட்டேன்? என்ன சொன்னார்?

“என்ட வியாபாரத்துல நான் தெனமும் எழுதுறது இதுதான் சேர். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றார் ஹாஜியார்.

திணைக்கள நூல் எதுவானாலும் முதற் பக்கத்தில் ஒரு முத்திரை குத்த வேண்டும் என்பது விதி: ‘இது பொதுச் சொத்து. இந்நூலில் எழுதுதல் ஆகாது.’ கோடு போட்ட இருநூறு வெறும் புத்தகங்களிலும் அந்த முத்திரையைக் குத்துவித்தேன். ஜெயந்தி இருநூறையும் குத்தி என் மேசையில் அடுக்கினாள். அந்த அடுக்கை ஓய்வுபெறும்வரை என்னால் மறக்க முடியவில்லை.

விழா புஷ்பராணியின் தோட்டத்து வாசிகசாலையில். அவளுடைய கடிதம் கோப்பின் முதற் தாள் என்பதால் அவளே முதற் பயனாளி. காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, வந்த பெண்களை மலைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். கூடையோடும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடும் அறுபது பேர் நின்றார்கள். பணிப்பாளர் உணர்ச்சியோடு பேசினார்.

“இந்த புக் என்ன சொல்லுது? காலையில அஞ்சு மணிக்கு எழும்புங்க! உங்க வாழ்க்கை மாறும்!”

முன்வரிசையில் நின்ற நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். “சேர், இனிமே அஞ்சு மணி வரைக்கும் தூங்கலாமுங்களா? இப்ப நாலுக்குல்ல எந்திரிக்கிறோம்.”

கூட்டம் சிரித்தது. பணிப்பாளரும் சிரித்தார், காரணம் தெரியாமல்.

புஷ்பராணிக்குப் புத்தகத்தை நான்தான் கையில் கொடுத்தேன். அவள் நின்ற இடத்திலேயே பக்கங்களைப் புரட்டினாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. கடைசிப் பக்கம்வரை போய், திரும்ப முதற் பக்கத்துக்கு வந்து முத்திரையை வாசித்தாள்.

“ஒண்ணுமே இல்லீங்களே ஐயா.”

“ஓம்.”

“எழுதவும் கூடாதுங்களா?”

அன்றைக்குத் திகதி நவம்பர் மூன்று. டிசம்பர் முதலாம் திகதிக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது. திரும்பி வரும் வழியில் பணிப்பாளர் ஜீப்பில் என் தோளைத் தட்டி, “அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தீங்களா? அப்படியே உறைஞ்சு போயிட்டா” என்றார்.

பார்த்தேன் என்றேன்.

6. புத்தகம்

அடுத்த வருடக் கடைசியில் அறுபது வயதாகி ஓய்வுபெற்றேன். பிரியாவிடையில் எனக்கு ‘நாளை நீயும் துரை’ ஒரு பிரதி பரிசளித்தார்கள். களஞ்சியத்தில் மிஞ்சியிருந்தவற்றில் ஒன்று. எங்கள் திட்டத்துக்கு மாகாண மட்டத்தில் பாராட்டும் கிடைத்தது. இரண்டாம் பாகம் வாங்குவது பற்றி யோசிக்கிறார்களாம்.

சில மாதங்களுக்குப் பிறகு, மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள், ஓய்வூதியப் பத்திரம் ஒன்றைப் பிரதியெடுக்க ஹாஜியாரின் கடைக்குப் போனேன். இயந்திரத்துக்கு முன்னால் வரிசை. எல்லாம் தோட்டப் பெண்கள்.

“என்ன ஹாஜியார், பரீட்சைக் காலமோ?”

“இல்ல சேர். உங்கட புத்தகம்தான் ஓடுது.”

இயந்திரத்தின் மேலே பச்சை அட்டை விரிந்து கிடந்தது. மூலை மடங்கி, மஞ்சள் எண்ணெய் படிந்து, நடுவில் புடைத்திருந்தது. பக்கத்தில் புஷ்பராணி நின்றாள். என்னைக் கண்டதும், “வாங்கய்யா” என்று வழி விட்டாள். கடைத் தட்டில் வெரளிக்காய் அச்சாற்றுப் போத்தல்கள் இருந்தன. மூன்று மொழியிலும் லேபல். சேர்ந்த பொருட்கள், தயாரித்த திகதி, முடிவுத் திகதி, நிறை, தொகுதி இலக்கம், முகவரி. ஒரு குறையும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

“டிசம்பர் ஒண்ணுக்குக் குடுக்க முடிஞ்சுதோ?”

“நவம்பர் முப்பதுக்கே குடுத்துட்டோமுங்க. ஒருத்தி மட்டும் போயிட்டா. கொழந்த வச்சிருக்கவ நின்னுட்டா.”

“புத்தகத்தைப் பார்க்கலாமோ?”

அவள் கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தாள். முத்திரையின் மேலேயே தன் பெயரை எழுதியிருந்தாள். அடுத்த பக்கங்களில், ஹாஜியார் அச்சடித்த மூன்று கேள்விகளுக்கும் கீழே, அந்த இருபத்தெட்டு நாளும் நீல மையில் இருந்தது.

“யாரிடம் போனேன்: துரை. என்ன கேட்டேன்: லயத்து வீட்டு வெலாசத்துக்கு லெட்டர். என்ன சொன்னார்: நாளைக்கு வா. (திங்கக்கெழம போகாதீங்க, கணக்கு நாள், கத்துவாரு. வியாழக்கெழம போங்க. லெட்டர நாமளே எழுதிக்கிட்டுப் போனா கையெழுத்துப் போடுவாரு.)”

“யாரிடம் போனேன்: சுகாதாரக் கந்தோர், பி.எச்.ஐ. ஐயா. என்ன கேட்டேன்: லேபல்ல என்ன எழுதணும். என்ன சொன்னார்: ஒரு தாள் குடுத்தாரு, அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது. (தாள அடுத்த பக்கத்துல ஒட்டியிருக்கேன். அடுப்புக்கு மேல பொகை போக வழி இருக்கணும். போத்தல அவிக்கிறதக் காட்டணும்.)”

இப்படித் தொண்ணூற்றிரண்டு பக்கத்தில் எழுபதுக்கு மேல் நிரம்பியிருந்தது. எந்த யன்னல், எந்தக் கிழமை, எந்த உத்தியோகத்தர் மதியத்துக்குப் பிறகு இருக்கமாட்டார், எந்தப் படிவத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோக வேண்டும். எங்கள் திணைக்களம் முப்பது வருடத்தில் தமிழில் வெளியிடாத ஒரு நூல் அது. வேறு தோட்டங்களின் பெண்கள், மசாலாப் பொடி இடிப்பவர்கள், வாழைக்காய்ப் பொரியல் போடுபவர்கள், ஆளுக்கொரு பிரதி எடுக்க வரிசையில் நின்றார்கள்.

அதிலே ஒரு பக்கம் எங்கள் கந்தோருக்கு.

“யாரிடம் போனேன்: பெரிய கந்தோர், பெரிய ஐயா. என்ன கேட்டேன்: லேபலப் பத்தி. என்ன சொன்னார்: கதிரை குடுத்தாரு. மரியாதையா பேசினாரு. அவருக்கு எல்லாம் தெரியும். சொல்ல மாட்டாரு. (அங்க போய் பஸ் காசைக் கரைக்காதீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க.)”

முப்பத்தொரு வருடத்தில் என்னைப் பற்றி வருடாந்த மதிப்பீட்டு அறிக்கைகள் முப்பத்தொன்று எழுதப்பட்டன. எல்லாவற்றிலும் ‘மிக நன்று’. எந்த அறிக்கையும் இவ்வளவு சரியாக எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் நான் அப்போதே திருந்தியிருப்பேன்.

நான் வாசித்து முடித்ததைக் கண்ட புஷ்பராணிக்கு முகம் சிறுத்துப் போயிற்று. “கோவிச்சுக்காதீங்கய்யா. அப்ப ஒரு வெறுப்புல எழுதிட்டேன். கிழிச்சிரட்டுங்களா?”

“வேண்டாம் பிள்ளை. அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் பிரதி எடுத்துக் குடுங்கோ.”

ஏற்கெனவே எடுத்த ஒரு பிரதியை இயந்திரத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த ஹாஜியார், “எடுத்துட்டுத்தான் இரிக்கேன் சேர்” என்றார்.

புதிதாகச் சேர்ந்தவர்களே, நீங்கள் கேட்ட நூல் இதுதான். இதிலே நான் கற்றது ஒன்று. ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து உங்கள் முன்னால் நின்றால், யன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவதற்கு எந்தக் கோவையின் அனுமதியும் வேண்டாம். உங்கள் மேசையிலிருந்து என்னென்ன தெரிகிறது என்று முதல் நாளே எட்டிப் பார்த்து வையுங்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது புஷ்பராணி, “கடைசிப் பக்கத்தையும் பாத்துருங்கய்யா. போன வாரம்தான் ஒட்டினேன்” என்றாள்.

திணைக்களத்தின் கடிதத் தலைப்பு. அவளுடைய ஜூன் மூன்றாம் திகதிக் கடிதத்துக்கு முழுப் பதில், இருபத்தொரு மாதத்துக்குப் பிறகு. வாசகங்களை நான் எங்கும் அடையாளம் காண்பேன். ஓய்வுபெற்றுப் போகும்போது நான் கோப்பில் விட்டுவந்த வரைவு அது. “தாங்கள் கோரிய விடயம் தொடர்பாகத் தமிழில் நூல் எதுவும் இல்லை என்பதை அறியத் தருகிறேன்.” அதன் கீழே, நீல மையில் அவளுடைய கையெழுத்து.

யாரிடம் போனேன்: பெரிய கந்தோர். என்ன கேட்டேன்: ஒரு புத்தகம். என்ன சொன்னார் என்ற கேள்விக்கு எதிரே அவள் ஒன்றும் எழுதவில்லை. பதில் கிடைத்த திகதியை மட்டும் போட்டிருந்தாள். மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.